கொல்லைப்புறம் வந்த காற்றுத் துப்பாக்கி

ஏர் கன்னைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை அதைப் போர் ஆயுதமாகவே ஏற்றது. பார்த்தொலோமியோ ஜிரார்தோனி என்பவர் வடிவமைத்த ரைஃபிள் அது. கழற்றி மாட்டக்கூடிய அடிக்கட்டைதான் காற்றுக் கலம். கைப்பம்பால் சுமார் 1,500 தடவை அடித்தால் கலம் நிரம்பும். நிரம்பிய கலத்தை வைத்து ஏறக்குறைய 30 குண்டுகள் சுடலாம். குழலின் பக்கவாட்டுக் குழாயில் 20 குண்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். வெடிமருந்துத் துப்பாக்கிக்காரன் ஒரு குண்டு சுட்டுவிட்டு அடுத்ததைக் கெட்டிப்பதற்குள், இதை வைத்திருப்பவன் பலமுறை சுட்டுவிடுவான். புகை கிடையாது, தீப்பொறியும் கிடையாது. ஆனால் தோல் வளையம் உலர்ந்தால் காற்று கசிந்துவிடும். கலத்தைச் செய்யவும் பழுது பார்க்கவும் தேர்ந்த கை வேண்டும். 1815 வாக்கில் படை அதைக் கைவிட்டது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயக் கிளம்பிய மெரிவெதர் லூயிஸும் ஒரு காற்று ரைஃபிள் வைத்திருந்தார். 1803 ஆகஸ்ட் இறுதியில், பிட்ஸ்பர்க்கை அடுத்த ஆற்றுத்தீவு ஒன்றில், வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அவர் அதைச் சுட்டுக் காட்டினார். பிறகு பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்தார். அது தவறி வெடித்தது. 40 கஜத்துக்கு அப்பால் நின்ற ஒரு பெண்ணின் தொப்பியைத் துளைத்து, நெற்றிப் பொட்டைக் கீறிக்கொண்டு குண்டு போனது. அந்தப் பெண் ரத்தம் வழிய விழுந்தார், அவர் இறந்தே போனார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நல்லவேளை, காயம் ஆழமில்லை. லூயிஸ் தன் நாட்குறிப்பிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏர் ரைஃபிள் சொல்லித் தருகிற நான், துப்பாக்கியைத் தொடக் கொடுக்கும் முன் இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிடுவேன். தொண்ணூறு பக்க விதிப்புத்தகத்தை விட அது மனதில் நிற்கிறது.

போர்க்களத்தை விட்ட காற்றுத் துப்பாக்கி வீட்டுக்குள் வந்ததற்கு ஒரு காற்றாலைக் கம்பெனி காரணம். மிச்சிகன் மாநிலத்தின் பிளிமத் ஊரில் 1882இல் தொடங்கிய இரும்புக் காற்றாலை நிறுவனம் அது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகள் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கிளாரன்ஸ் ஹாமில்டன் என்ற உள்ளூர்க்காரர் முழுக்க உலோகத்தால் ஆன ஒரு சின்ன ஏர் கன்னைச் செய்து கொண்டுவந்தார். காற்றாலை வாங்கும் விவசாயிக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். சீக்கிரத்தில் காற்றாலையை விட இலவசப் பொருளுக்கே கிராக்கி அதிகமாகிவிட்டது. 1895இல் கம்பெனி தன் பெயரையே டெய்சி என்று மாற்றிக்கொண்டது. தகரக் குவளைகளை வேலிமேல் வரிசையாக வைத்துச் சுடும் பழக்கம் அமெரிக்கக் கிராமத்துப் பிள்ளைகளிடம் வேரூன்றியது இப்படித்தான்.

இங்கிலாந்தின் கதை வேறு. தென்னாப்பிரிக்கப் போரில் போயர் விவசாயிகள் குறி தவறாமல் சுட்டதைக் கண்டு பிரிட்டன் அதிர்ந்தது. சாதாரணத் தொழிலாளியும் குறிபார்க்கப் பழக வேண்டும் என்று சின்ன ரைஃபிள் சங்கங்கள் பரவின. பர்மிங்காமின் துப்பாக்கிக் கைவினைஞர் லிங்கன் ஜெஃப்ரீஸ் ஒரு நல்ல ஸ்பிரிங் ரைஃபிளை உருவாக்கினார். ராணுவ ரைஃபிள் செய்த பிஎஸ்ஏ ஆலை 1905 முதல் அதைத் தயாரித்தது. வேலை முடிந்த தொழிலாளர்கள் மாலையில் மதுக்கடையின் பின்னறையில் கூடுவார்கள். ஆறு கஜம் தள்ளி ஓர் இரும்புத் தகடு இருக்கும், நடுவில் சுண்டுவிரல் பருமனே உள்ள ஓட்டை, அதன் பின்னால் மணி. குண்டு ஓட்டைக்குள் போனால் மணி அடிக்கும். போகாவிட்டால் தகட்டின் வண்ணப்பூச்சில் அச்சு விழும், எவ்வளவு தவறினோம் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். குறிபார்ப்பதில் நேர்மையைக் கற்றுத் தருவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஒரு குணம் உண்டு. விசையை அழுத்தியதும் பிஸ்டன் முன்னே பாயும், துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னே துள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. இந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஜெர்மானியர்கள் 1950, 60களில் பெரிதும் உழைத்தார்கள். எதிரெதிர் திசையில் ஓடும் இரட்டைப் பிஸ்டன், இயந்திரத்தையே தண்டவாளத்தில் நழுவவிடும் ஃபைன்வெர்க்பாவ் 150 எல்லாம் அப்போது வந்தவை. இன்றைய போட்டி ரைஃபிளில் அழுத்தக் காற்றுக் கலம் இருக்கிறது. ஜிரார்தோனியின் கொள்கையே சுற்றி வந்து ஒலிம்பிக்கில் நிற்கிறது.

1984 லாஸ் ஏஞ்சலஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 700.5 புள்ளியோடு இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். பெற்றோர் வீட்டிலேயே அமைத்துக் கொடுத்த சுடுதளத்தில் பயின்றவர் அவர். 2012இல் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். உலகக் கோப்பைகளில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். மெரினாவில் பலூன் சுட்டதோடு இந்தக் கலை முடிந்துவிடுவதாக நினைக்கும் பெற்றோருக்கு இந்தப் பெயர்களை அடுக்கிச் சொல்வேன்.

நம் நாட்டில் ஏர் கன்னுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டு ஏர் கன்னால் ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டைச் சுட்டார். அது என்ன பறவை என்று தெரியாமல் மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லர்ட் என்பவர் காட்டிய பதப்படுத்திய பறவைகள் அவர் வாழ்க்கையையே திருப்பின. அந்தச் சிட்டால் நமக்கு ஓர் அறிஞர் கிடைத்தார். கொய்யாத் தோப்பிலும் கண்மாய்க் கரையிலும் பிள்ளைகள் சுட்டு வீழ்த்திய எண்ணற்ற பறவைகளால் ஒருவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. 2021இல் அருணாசலப் பிரதேசம் ஏர் கன்களை ஒப்படைக்கும் இயக்கத்தையே தொடங்கியது. மக்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொடுத்தார்கள். காடு மௌனமாவதைக் கண்டு எடுத்த முடிவு அது, அவர்களை நான் வணங்குகிறேன்.

இவ்வளவும் சேர்ந்து எனக்கு உணர்த்துவது ஒன்றுதான். மணி, தகரக் குவளை, அட்டை என்று அசையாத இலக்கு எங்கே முன்னால் வந்ததோ அங்கே இது கலையானது. இலக்கில்லாமல் துப்பாக்கி மட்டும் வந்த இடத்தில் இழப்பே மிஞ்சியது. ஆகவே வீட்டில் தொடங்க விரும்புகிறவர் முதலில் இலக்கையும் அதன் பின்புறத்தையும் கட்டட்டும், துப்பாக்கி பிறகு.

என் கொல்லைப்புறத்தில் கோணிச்சாக்கில் மணல் நிரப்பி, செங்கல் சுவரை ஒட்டி இரண்டு வரிசை அடுக்கியிருக்கிறேன். முன்னால் பழந்துணி திணித்த அட்டைப்பெட்டி, அதில் இலக்குத்தாள். போட்டி அட்டையின் கருவட்டம் 30.5 மி.மீ. வீட்டில் பத்து ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போட்டு மை தீட்டினால் அதைவிடச் சற்றே சின்ன குறி கிடைக்கும். பக்கத்து வீட்டு மாடிப்படியோ நடைபாதையோ அந்த நேர்கோட்டில் வரக்கூடாது. இரும்பு உருண்டைகளைத் தவிர்க்க வேண்டும், கல்லில் பட்டால் திரும்பி வரும். இடை குறுகிய ஈயப் பெல்லட்டே நல்லது. சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு.

தொடங்குபவருக்குக் குழலை மடக்கி ஏற்றும் 4.5 மி.மீ. ரைஃபிள் போதும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கோ குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கோ மேற்பட்டால் உரிமம் வேண்டும். வாங்கும் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரைஃபிளை இறுக்கிப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் கிடத்துங்கள், அது தன்போக்கில் உதைக்கட்டும். பெல்லட் இல்லாமல் விசையை அழுத்தினால் பிஸ்டன் வெறுமனே மோதிச் சேதமாகும். ஐந்து ஐந்தாகச் சுட்டு, ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று பாருங்கள். நெருக்கம் வந்துவிட்டால் நடுவுக்குக் கொண்டுவருவது குறிமுனையைத் திருகும் வேலைதான்.

பிள்ளை சுடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். சுட்டு முடிந்ததும் துப்பாக்கியும் பெல்லட்டும் தனித்தனிப் பூட்டுக்குள் போக வேண்டும். மரத்தில் எந்தப் பறவை வந்து உட்கார்ந்தாலும் குழல் அதன் பக்கம் திரும்பக் கூடாது. இந்த மூன்றையும் காப்பேன் என்று உறுதி சொல்ல முடிந்தவர் மட்டும் ஏர் கன் வாங்குங்கள்.