சுறாவின் வாயைக் கட்டியவர்

கீழவைப்பார் என் துணைவியார் பிறந்த ஊர். நான் காரைக்கால்காரன். பிரெஞ்சில் படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்பு எழுதியே முப்பத்தைந்து வருஷம் ஓட்டிய குமாஸ்தா. ஓய்வுக்குப் பின், 2011இல், இருவரும் இங்கே வந்து சேர்ந்தோம். என் மாமனார் முத்துக் குளித்தவர். 1961இல் தூத்துக்குடிக் கடலில் நடந்த கடைசிச் சலாபம் வரை இறங்கியிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்தால் அந்தப் பேச்சுதான். "மாப்ளே, மூச்சு முட்டுறது பெரிசில்ல. கீழ என்ன கெடக்கோன்னு நெனைக்கிற நெனப்புதான் ஆளக் கொல்லும்" என்பார்.

அந்த நினைப்பைச் சமாளிக்க இந்தக் கடற்கரையில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. கடல்கட்டி என்று ஒருவர். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் வராமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைக் குறித்திருக்கிறார். எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். இரவில் அவிழ்த்துவிடுவாராம், திருட்டுத்தனமாக யாரும் குளிக்கக் கூடாதென்று! இதைவிடச் சிக்கனமான காவல் ஏற்பாட்டை எங்கள் துறையில்கூட நான் கண்டதில்லை.

பரதவர்கள் 1530களில் கிறிஸ்தவர்களான பிறகும், 1542இல் சவேரியார் வந்துபோன பிறகும், ஆங்கிலேயர் வந்த பிறகும் கடல்கட்டி போகவில்லை. அக்கரையில், மன்னார்ப் பக்கச் சலாபத்தில், அவருக்கு அரசாங்கமே ஊதியம் கொடுத்தது. 1859இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னன்ட், அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று வேடிக்கையாகச் சொல்கிறார். முத்துக்குளிப்பில் சுறாவால் விபத்து நேர்வது மிக மிக அரிது என்றும் சேர்த்து எழுதுகிறார். ஆபத்து அரிது, பயம் தினசரி. வெள்ளைக்கார அதிகாரிக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி இல்லாவிட்டால் படகு நகராது என்பது தெரியும். ஆகவே சம்பளப் பட்டியலில் ஒரு வரி.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே படித்தவன். 2016இல் துணைவியார் தவறினார். ஆறு மாதம் கழித்து ஓர் இரவு நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது, மூச்சு வரவில்லை. மாரடைப்பு என்றே முடிவு கட்டினேன். பக்கத்து வீட்டுத் தம்பி வண்டி பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனார். இ.சி.ஜி. சரியாக இருந்தது. அடுத்த மாதமும் அதே கதை, அதே காகிதம். மூன்றாம் முறை பணியிலிருந்த டாக்டர், "பெரியவரே, உங்களுக்கு ஒண்ணுமில்லை, சும்மா வராதீங்க" என்று சற்றுக் கடுமையாகவே சொன்னார். ஒன்றுமில்லை என்றால் அது என்ன என்று அவர் சொல்லவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றை யாரோ சொல்லி வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. கடற்கரைப் பக்கம் போவதை நிறுத்தினேன். "அண்ணாச்சி, கரைக்கு வாரீயளா?" என்று கூப்பிட்டவர்கள் பிறகு கூப்பிடுவதையும் நிறுத்தினார்கள்.

கடைசியில் மகள் வற்புறுத்தி ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போனாள். என் மகள் வயதுதான் அவருக்கு. மருந்தோடு ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். பக்கத்தில் கட்டம் போட வேண்டும்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், அதற்கு என்ன ஆதாரம், எதிர் ஆதாரம் என்ன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அலுவலகக் கோப்பு! மனு, குறிப்பு, முன்னுதாரணம், உத்தரவு. "இதயம் நிற்கப் போகிறது" என்ற மனு என் மேசைக்கு எத்தனையோ தடவை வந்து, ஒரு தடவைகூட ஆதாரம் இணைக்கப்படாமலே ஒப்புதல் பெற்றிருக்கிறது.

இந்த முறைக்கு சி.பி.டி. என்று பெயர். பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மருத்துவர் 1960களில் தொடங்கியது. அவர் ஃபிராய்டு வழியில் பயின்றவர். மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம் என்று நிரூபிக்கப் போய், நோயாளிகளின் கனவுகளில் கோபத்துக்குப் பதில் தோல்வியும் இழப்புமே இருக்கக் கண்டார். கேட்டுப் பார்த்தால், "நான் உதவாதவன்", "இனி ஒன்றும் சரியாகாது" என்று சில வாக்கியங்கள் மனத்தில் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்து வெளிச்சத்தில் வைத்துச் சோதிப்பதே சிகிச்சை. 1977இல் வெளியான ஓர் ஆய்வு இதை மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது. மாத்திரைக்கு இது குறையவில்லை. பெக் நூறு வயது வாழ்ந்து 2021இல் மறைந்தார்.

பிரெஞ்சு படித்த எனக்கு முதலில் ஒரு சந்தேகம். மருந்துக் கடைக்காரர் எமில் குவே, தினமும் நான் தேறிவருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னவர். எங்கள் பள்ளி வாத்தியார் பரீட்சைக்கு முன் அதை எங்களைக் கொண்டு சொல்ல வைப்பார். (கணக்கில் நான் தேறவில்லை.) இதுவும் அதுதானோ என்று ஆலோசகரிடமே கேட்டேன். "இல்லை ஐயா, நல்லதாக நினையுங்கள் என்று நான் சொல்லவில்லை. உண்மையா என்று பாருங்கள் என்கிறேன்" என்றார்.

என் வியாதிக்கான விளக்கம் 1986இல் டேவிட் கிளார்க் என்ற ஆங்கிலேயர் எழுதியது. படபடப்பு வருகிறது, அதை மாரடைப்பு என்று மனம் படித்துக்கொள்கிறது, பயத்தில் படபடப்பு கூடுகிறது, அது மாரடைப்புக்குச் சான்றாகிவிடுகிறது. செக்குமாடு. ஆலோசகர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிஷம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். தலை சுற்றியது, கை மரத்தது, நெஞ்சு அடித்தது. அதே இரவு, பட்டப்பகலில்! நிறுத்தினேன், சிறிது நேரத்தில் அடங்கியது. நோட்டில் எதிர் ஆதாரம் என்ற கட்டத்தில் முதன்முதலாக ஒன்று எழுத முடிந்தது.

அதன் பிறகுதான் சட்டைப் பையைப் பற்றிக் கேட்டார். மாத்திரையைத் தொடாமலே அது என்னைக் காப்பாற்றுவதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் சாகாமல் திரும்பி வந்ததற்கு அதற்கே நன்றி சொன்னேன். வீடு வந்த பிறகுதான் உறைத்தது: அது என் கடல்கட்டி. சுறா வராததெல்லாம் மந்திரத்தின் கணக்கில் வரவு. இதய மருத்துவரிடம் கேட்டு, எனக்கு அது தேவையே இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின், அதை அலமாரியில் வைத்துவிட்டுத் தேவாலயம் வரை போனேன். அடுத்த வாரம் ஐஸ் கம்பெனி வரை.

சோர்வுக்கு வேறு பாடம். மனம் தேறட்டும், பிறகு வெளியே போகலாம் என்று காத்திருக்காதே, முதலில் போ என்பது. கோவாவில் சங்கத் அமைப்பும் விக்ரம் படேல் குழுவும் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுள்ள 495 பேர். சிகிச்சை தந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். வாரம் ஒரு சந்திப்பாக ஆறு முதல் எட்டு. வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட அந்தச் சந்திப்புகளையும் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறியதை 2017இல் லான்செட் இதழ் வெளியிட்டது. இந்தப் பக்கத்துக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை. வலை தைக்கும் பெண்களில் எத்தனையோ பேர் கேட்கத் தெரிந்தவர்கள். இப்போதைக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது; 2022 அக்டோபரிலிருந்து, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம். மருந்து வேண்டியவர்கள் மருந்தை விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகனுக்கு நோட்டு போதவில்லை, இரண்டும் தேவைப்பட்டது.

முகத்துவாரம் வரை போக எனக்கு ஐந்து மாதம் ஆனது. துணைவியாரோடு மாலையில் உட்காரும் இடம் அது. அன்றைக்கும் நெஞ்சு அடித்தது. அது வியாதியில்லை என்று தெரிந்ததால் உட்கார்ந்தே அழுதேன். இருட்டும் முன் வீடு திரும்பி நோட்டை எடுத்தேன். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் தேதியை மட்டும் போட்டு வைத்தேன். போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்த மாத்திரை அட்டை கிடைத்தது. காலாவதியாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.