எலியும் கடன் பத்திரமும்: டிஸ்னி தொலைக்காட்சிக்கு வந்த கதை

எல்லாம் ஒரு எலியிலிருந்து தொடங்கியது என்பது டிஸ்னி கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடல். ஆனால் அதன் தொலைக்காட்சி வரலாறு தொடங்கியது ஒரு கடனிலிருந்து.

1950களின் தொடக்கத்தில் ஹாலிவுட் முதலாளிகளுக்குத் தொலைக்காட்சி என்றாலே வேப்பங்காய். வீட்டிலேயே ஓசியில் படம் காட்டினால் கொட்டகைக்கு எவன் வருவான்? வால்ட் டிஸ்னிக்கு வேறு கவலை. கலிபோர்னியாவில், அனஹைமின் ஆரஞ்சுத் தோப்புகளில் ஒரு கேளிக்கைப் பூங்கா கட்ட வேண்டும்; கையில் பணமில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களில் நோஞ்சானாக இருந்த ஏபிசிக்கோ நிகழ்ச்சி இல்லை. 1954இல் பேரம் படிந்தது. ஏபிசி 5 லட்சம் டாலர் முதல் போடும், 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீன் நிற்கும். பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அதற்குச் சேரும். பதிலுக்கு டிஸ்னி வாராவாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சி தர வேண்டும்.

1954 அக்டோபர் 27 அன்று அது தொடங்கியது. பெயர் 'டிஸ்னிலேண்ட்'. பூங்காவுக்கும் அதே பெயர். பூங்காவில் வரப்போகிற நான்கு 'உலகங்களின்' பெயரிலேயே நிகழ்ச்சியும் பிரிக்கப்பட்டது. கட்டி முடிக்காத ஓர் இடத்துக்கு வாராவாரம் விளம்பரம். அதற்கு டிஸ்னி காசு கொடுக்கவில்லை, வாங்கிக்கொண்டார். அந்த டிசம்பரில் ஒரு வார நிகழ்ச்சி முழுவதும், வெளிவரவிருந்த தன் கடலடிப் படத்தை எப்படி எடுத்தோம் என்பதைக் காட்டியே ஓடியது. அதற்கு எம்மி விருது வேறு! நிகழ்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் நடுவே இருந்த கோடு இப்படித்தான் அழிந்தது.

அதே டிசம்பரில் வந்தான் டேவி கிராக்கெட். முதல் பகுதியின் தலைப்பிலேயே அவன் 'இந்தியர்களோடு போரிடுபவன்'. 1813-14இல் நடந்த அந்தப் போரின் முடிவில் கிரீக் பழங்குடிகள் 2 கோடி ஏக்கருக்கு மேல் நிலத்தை இழந்தார்கள். அந்த நிலப்பறிப்பு, 1955இல் அமெரிக்கக் குழந்தைகளின் தலையில் ரக்கூன் தோல் தொப்பியாக வந்து உட்கார்ந்தது. வரலாறு சரக்காவது என்பது இதுதான்.

1955 அக்டோபர் 3இல் 'மிக்கி மவுஸ் கிளப்'. பள்ளிவிட்டு வரும் நேரம், வாரத்தில் ஐந்து நாள். பொம்மை விளம்பரங்கள் அதுவரை பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டி, பெற்றோரைப் பார்த்துப் பேசின. மாட்டெல் கம்பெனி இந்த நிகழ்ச்சியில் 52 வாரத்துக்கு 5 லட்சம் டாலர் கட்டியது. கம்பெனியின் மொத்த மதிப்பே கிட்டத்தட்ட அவ்வளவுதான். விற்றது ஒரு பொம்மை இயந்திரத் துப்பாக்கி. ஆண்டு முழுக்கக் குழந்தையைப் பார்த்தே பேசலாம் என்று வியாபாரம் கற்றுக்கொண்டது. தொலைக்காட்சி உற்பத்தி செய்கிற சரக்கு பார்வையாளர்களே, அவர்களைத்தான் விளம்பரக்காரரிடம் விற்கிறார்கள் என்று டாலஸ் ஸ்மித் 1977இல் வாதிட்டார். 'குடும்பப் பொழுதுபோக்கு' என்பது அந்தச் சரக்கின் மேல் ஒட்டிய சீட்டு.

இந்தக் குடும்பத்துக்குள் யாருக்கு இடமில்லை? 1941 மே மாதம் சங்கம் கட்டிய ஓவியர்களை வேலையைவிட்டு அனுப்பினார் டிஸ்னி. வேலைநிறுத்தம் வெடித்தது. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்து, அதற்குப் பின்னால் இருந்தது கம்யூனிஸ்டுகள் என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தார். ஏழு வருஷம் கழித்து அவரேதான் வாராவாரம் கூடத்துக்குள் வந்து சிரிக்கிற 'வால்ட் மாமா'. மாமாவிடம் யார் போய்க் கூலி கேட்பது!

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961இல் என்பிசிக்கு மாறி வண்ண நிகழ்ச்சி. என்பிசியின் முதலாளி ஆர்சிஏ வண்ணப் பெட்டி விற்கிற கம்பெனி. 1983இல் சொந்தச் சேனல். 1996இல், ஒருகாலத்தில் ஜாமீன் நின்ற ஏபிசியையே 1,900 கோடி டாலருக்கு விழுங்கியது. 2004 டிசம்பரில் தமிழ் ஒலியோடு இந்தியாவுக்கு வந்தது. 2019இல் ஃபாக்ஸ் சொத்துகளை வாங்கியபோது விஜய் டிவியும் அதன் கைக்குப் போனது. 2024 நவம்பரில் அந்த இந்தியத் தொழில் ரிலையன்ஸோடு இணைக்கப்பட்டது. கடிவாளம் ரிலையன்ஸிடம், டிஸ்னி பங்காளி.

1971இல் சிலியில் ஏரியல் டார்ஃப்மனும் அர்மான் மாத்தெலாரும் டிஸ்னியின் காமிக்ஸுகளைக் கட்டுடைத்து ஒரு புத்தகம் எழுதினார்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அது தீயில் போடப்பட்டது. அவர்கள் கற்றுத் தந்த வாசிப்பு நமக்கு இன்றும் வேண்டும். ஆனால் வாத்தை மட்டும் வாசித்தால் போதாது. அதைப் பார்த்துச் சிரிக்கிற குழந்தையின் சந்தோஷம் நிஜம். அதைப் பழிப்பதில் நமக்கு ஒரு பெருமையும் இல்லை. அந்தச் சிரிப்பை யார் யாரிடம் என்ன விலைக்கு விற்றார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அதையும் எடுத்து வாசிக்க வேண்டும். கூடத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளைகளும்தானே.