மீத்தேன் சொன்ன சாட்சி

1960-களின் தொடக்கத்தில், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் குமார் என்ற வானியலாளர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். விண்மீனாகத் திரளும் வாயு, சூரிய நிறையில் ஏறக்குறைய 7 விழுக்காட்டைக்கூட எட்டாவிட்டால் என்ன ஆகும்? சுருங்கும், சூடாகும், ஆனால் ஹைட்ரஜன் இணைவு நிலைத்து நடக்கும் அளவுக்கு மையம் கொதிக்காது. அதன்பின் காலமெல்லாம் ஆறிக்கொண்டே இருக்கும். 1975-ல் ஜில் டார்ட்டர் இதற்குப் பழுப்புக் குள்ளன் என்று பெயர் வைத்தார். பெயர் நிலைத்தது. ஆள்தான் அகப்படவில்லை.

1995 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டுக் குழு ஒன்று கார்த்திகைக் கூட்டத்தில் டெய்டே 1 என்ற பொருளை அறிவித்தது. வயதில் இளையது என்பதால் அது இன்னும் சூடாக இருந்தது. சாதாரணச் செங்குள்ள விண்மீனுக்கும் அதற்கும் பார்வைக்கு அதிக வேறுபாடு இல்லை. ஐயமே எழாத ஒன்று வேண்டியிருந்தது.

அது ஏற்கெனவே பாலோமர் மலையில் பதிவாகியிருந்தது. வேட்டைக்காரன் விண்மீன் குழுவின் காலடியில் இருக்கிறது முயல் குழு. அங்கே 19 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள செங்குள்ளன் கிளீசே 229. 1994 அக்டோபரில் நகாஜிமா, ஓப்பன்ஹைமர், கர்நாடகத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்ணி ஆகியோரின் குழு 1.5 மீட்டர் தொலைநோக்கியில் அதைப் படமெடுத்தது. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கைக் கையால் மறைத்தால்தான் ஓரத்தில் வரும் சைக்கிள் தெரியும். அப்படி விண்மீனின் ஒளியை மறைக்கும் கருவியைப் பொருத்தியபோது, பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி.

உடனே அறிவித்திருக்கலாம். அவர்கள் ஓராண்டு காத்திருந்தார்கள். என் பார்வையில் இந்த வரலாற்றின் மிக உயர்ந்த பகுதி இதுதான். கிளீசே 229 ஆண்டுக்கு ஏறக்குறைய முக்கால் விகலை நகரும். ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு. புள்ளி வெறும் பின்னணி விண்மீன் என்றால் பின்தங்கிவிடும். அது பின்தங்கவில்லை, கூடவே வந்தது.

அடுத்து, பாலோமரின் 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கியில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தார்கள். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பொருள் தன் ஒளியில் பெரும்பகுதியை அகச்சிவப்பில்தான் உமிழும். அங்கே, 1.6 மைக்ரானுக்கு அப்பால், ஒளி சட்டென்று சரிந்திருந்தது. விழுங்கியது மீத்தேன். வியாழனின் நிறமாலையிலும் இதே சரிவுதான். விண்மீன்களின் சூட்டில் மீத்தேன் தாங்காது; கார்பன் முழுதும் கார்பன் மோனாக்சைடாகிவிடும். ஆக, இது விண்மீன் இல்லை. 1995 நவம்பர் 30 'நேச்சர்' இதழில் கிளீசே 229பி வெளியானது.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. தாய் விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்தபோது, துணையின் நிறை 70 வியாழன்களுக்குச் சற்று மேல் என்று வந்தது. அவ்வளவு நிறைக்கு இந்த ஒளி மிகக் குறைவு. சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோட்பாடு தவறா, அளவீடு தவறா?

இரண்டும் சரி என்று 2024-ல் தெரிந்தது. சிலியில் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, புள்ளி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று 38 வியாழன் நிறை, மற்றது 34. இரண்டும் ஒன்றையொன்று 12 நாளில் சுற்றிவருகின்றன. இடைவெளி, பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரத்தைப் போல் 16 மடங்கு. இவ்வளவு நெருக்கமாக இவை எப்படிப் பிறந்தன என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சி.

இவற்றைவிடவும் குளிர்ந்த, உறைநிலை அளவுக்கே ஆறிப்போன பொருள்களை வைஸ் விண்கலம் தேடிப் பிடித்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)