பத்து வயசுப் பையன் கற்ற தொழில், பணம் கட்டிக் கற்கும் வகுப்பு

இன்றைய எபிசோடில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கலாம். கண்ணாடி ஊதுவதை ஒருத்தர் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்?

இன்றைக்கு இதற்குப் பதில் சுலபம். உலகின் பல நகரங்களில் தொடக்க வகுப்புகள் நடக்கின்றன. பணம் கட்டி, பருத்திச் சட்டை போட்டுப் போனால், மூணு மணி நேரத்தில் ஒரு சின்னக் குவளையாவது செய்ய வைத்து அனுப்புவார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு வயசு சுமார் அறுபதுதான். கண்ணாடி ஊதும் தொழிலுக்கோ இரண்டாயிரம் வயசுக்கு மேல். அப்படின்னா, நடுவில் இருந்த அத்தனை நூற்றாண்டுகளிலும் இதைக் கற்றுக்கொண்டது யார்? அதுதான் இன்றைய கதை.

குழல் வந்தது

ஊதும் முறை வருவதற்கு ரொம்ப முன்பே கண்ணாடி இருந்தது. களிமண் கலந்து பிடித்த ஒரு கருவைச் சுற்றி உருகிய கண்ணாடியைச் சேர்ப்பார்கள். ஆறியதும் உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுப்பார்கள். ஒரு சிறு வாசனைத் தைலக் குப்பிக்கே அவ்வளவு வேலை. அதனால் கண்ணாடி பணக்காரர்கள் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

கி.மு. முதல் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் யாரோ ஒருவர் குழாய் வழியாக ஊதிப் பார்த்தார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஜெருசலேமில் ஒரு பட்டறைக் கழிவுக் குவியலில், ஒரு முனையை மூடி ஊதிப் பார்த்த கண்ணாடிக் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. ஊதும் முறையின் மிகப் பழைய தடயங்களில் அதுவும் ஒன்று. அதன்பின் ஒரு நூறு ஆண்டுக்குள் ரோமப் பேரரசு முழுக்க இந்த முறை பரவி, சாதாரணக் குடும்பங்களும் கண்ணாடிக் குவளையில் குடிக்க ஆரம்பித்தன.

புத்தகத்தில் ஏறாத வித்தை

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் இருந்தபோது நானும் ஒரு தொடக்க வகுப்புக்குப் போனேன். அங்கே பார்த்ததைச் சொன்னால்தான் மேற்கொண்டு வரும் வரலாறு புரியும்.

உலைக்குள் சுமார் 1,100 டிகிரி செல்சியஸ். நீளமான இரும்புக் குழாயின் நுனியை உள்ளே விட்டுச் சுழற்றினால், தேன் மாதிரி கண்ணாடி சுற்றிக்கொண்டு வருகிறது. பெயர்தான் ஊதுவது. உண்மையில் ஊதுவது கொஞ்ச நேரம்தான், மீதி நேரமெல்லாம் சுழற்றுவதுதான். கை ஒரு நொடி நின்றால் கண்ணாடி கீழ்ப்பக்கமாகத் தொங்கிவிடும். ஈரமான செய்தித்தாளை மடித்து உள்ளங்கையில் வைத்து அதில் உருட்டுகிறோம், பெரிய இடுக்கியால் கழுத்தை ஒடுக்குகிறோம், ஆறினால் மறுபடி சூடாக்குகிறோம். செய்து முடித்ததைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். சுமார் 500 டிகிரியில் இருக்கும் இன்னொரு அடுப்பில் வைத்து, இரவு முழுக்க மெதுவாக ஆற்றுவார்கள். சட்டென்று ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கி உடைந்துபோகும்.

வெல்லப்பாகு காய்ச்சுகிற பாட்டியிடம் "பதம் எப்போ வரும்?"னு கேட்டுப் பாருங்க. கரண்டியைக் கையில் கொடுத்து "பாரு"ம்பாங்க. இதுவும் அப்படித்தான். ஆசிரியர் என் கைமேல் தன் கையை வைத்துக் குழாயைச் சுழற்றிய பிறகுதான் வேகம் பிடிபட்டது.

இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. எழுத்தில் வராத வித்தை என்றால், தெரிந்தவரின் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தவர்தான் கற்க முடியும். யார் நிற்கலாம் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் இதன் வரலாறே.

பூட்டிய தீவு

வெனிஸ் அரசு 1291இல் தன் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. மரக்கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் தீப்பிடிக்கும் என்ற பயம் ஒரு காரணம். ஆனால் தீவில் ரகசியத்தைக் காப்பதும் சுலபமாக இருந்தது. முரானோ கைவினைஞர்களுக்குப் பெரிய மரியாதை உண்டு, ஊரைவிட்டுப் போய் வேறு நாட்டில் தொழில் செய்ய மட்டும் அனுமதி இல்லை. வித்தை குடும்பத்துக்குள்ளேயே, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது. அந்தோனியோ நேரி 1612இல் ஃபுளோரன்சில் கண்ணாடி பற்றி ஒரு நூலை அச்சிட்டார். அது கலவைகளையும் நிறங்களையும் சொன்னது, கைவேலை அதில் இல்லை. அதனால்தான் 1660களில் பிரான்ஸ் மன்னரின் அமைச்சர் கோல்பேர், கண்ணாடி செய்வதற்கு முரானோ ஆட்களையே ஆசைகாட்டி அழைத்துவர வேண்டியிருந்தது.

டொலீடோ, இரண்டு முறை

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே கதவைப் பூட்டவில்லை. ஆனால் உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். மைக்கேல் ஓவன்ஸ் 1859இல் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர். பத்து வயசில் கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனார். வேலை, உலைக்குக் கரி அள்ளிப் போடுவது. பதினைந்து வயசில் ஊதுபவர் ஆனார். அச்சைப் பிடிக்க, சூடான பாட்டிலை ஆற்றும் அடுப்புக்குச் சுமக்க என்று ஒவ்வொரு குழுவிலும் பையன்கள் இருந்தார்கள். லூயிஸ் ஹைன் 1908 வாக்கில் எடுத்த புகைப்படங்களில் அந்த முகங்களை இன்றைக்கும் பார்க்கலாம்.

அதே ஓவன்ஸ்தான் 1903இல், ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில், தானாகவே பாட்டில் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். பையன்களின் வேலை போனது, அது நல்லதுக்குத்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க ஊதப் பழகிய பெரியவர்களின் பிழைப்பும் கூடவே போனது. ஓவன்ஸுக்குப் பணம் போட்ட எட்வர்ட் லிபி என்ற கண்ணாடி முதலாளி, 1901இல் அதே ஊரில் ஓர் அருங்காட்சியகத்தை நிறுவியிருந்தார்.

இப்போ 1962, மார்ச் மாதம். அதே அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கொட்டகை. ஹார்வி லிட்டில்டன் என்ற பேராசிரியர் அங்கே ஒரு பயிற்சிப் பட்டறை நடத்துகிறார். அவர் கற்றுக்கொடுத்தது மண்பாண்டக் கலை. தொழிற்சாலை இல்லாமல், தனியாள் ஒருவர் சின்ன உலை வைத்துக் கண்ணாடி செய்ய முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. முதலில் உருக்கிய கண்ணாடி ஊதும் பதத்துக்கே வரவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர் உலையின் அமைப்பை மாற்றச் சொன்னார். கண்ணாடி இழை தயாரிக்க உருக்கும் கோலிக்குண்டுகளையும் கொடுத்தார். அவை இளகின. ஆனால் ஊதத் தெரிந்தவர் வேண்டுமே? லிபி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் வந்து செய்து காட்டினார்.

இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஊதுபவரைத் தேவையில்லாமல் ஆக்கிய இயந்திரம் பிறந்த ஊர் அது. அந்த ஊரில், ஒரு பழைய தொழிலாளி முன்னால் படித்த கலைஞர்கள் மாணவர்களாக நிற்கிறார்கள். இன்று நாம் பணம் கட்டிப் போகும் வகுப்பு இங்கிருந்துதான் கிளம்பியது.

லிட்டில்டன் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்ணாடிப் பாடத்தைத் தொடங்கினார். அவர் மாணவர் டேல் சிஹூலி 1968இல் முரானோவுக்குப் போய்க் குழுவாக வேலை செய்வதைப் பார்த்து வந்தார். 1971இல் சியாட்டிலுக்கு வடக்கே, காட்டுக்குள் பில்சக் பள்ளி உருவாகக் காரணமானார். 1979இல் முரானோவின் தலைசிறந்த கைவினைஞர் லீனோ தாலியாபியெத்ரா அங்கே வந்து பாடம் நடத்தினார். எத்தனையோ தலைமுறையாகத் தீவுக்குள் வைத்திருந்ததை வெளியாட்களுக்குச் சொல்லித்தரலாமா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் திரும்பத் திரும்ப வந்தார்.

யார் வீட்டுப் பிள்ளை?

இதை "கதவு திறந்தது, சுபம்"னு முடிச்சிடலாம். ஆனா முடியல. உத்தரப்பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் இன்றும் உலைமுன் நின்று வளையலும் கண்ணாடிப் பொருளும் செய்கிறார்கள். அங்கே குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்திருக்கின்றன. அந்த வெப்பத்தில் நான் மூணு மணி நேரம் நின்றது பணம் கட்டி. அவர்கள் நாள் முழுக்க நிற்பது பிழைப்புக்காக.

வகுப்புகள் வேண்டாம்னு நான் சொல்ல வரல. வாய்ப்புக் கிடைத்தால் கண்டிப்பா போங்க. ஆனால் கற்றுக்கொள்வது பெரியவர் ஒருவர் விரும்பிச் செய்யும் காரியமாக ஆனதுதான் டொலீடோவின் உண்மையான சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாற்றம் எல்லா உலைக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்த முறை கடையில் ஒரு டஜன் வளையல் வாங்கும்போது, இதைச் செய்தவர் எத்தனை வயசில் தொழில் கற்க ஆரம்பித்திருப்பார்னு ஒரு தடவை யோசிங்க.