குரோசாவாவின் 'ரான்': பழிவாங்கிய பெண்ணும் மன்னித்த பெண்ணும்

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த நாட்களில்தான் அகிரா குரோசாவாவின் 'ரான்' படத்தை முதன்முதலில் பார்த்தேன். அப்போது எழுதிய குறிப்பில் கயேதே என்ற பாத்திரத்தை 'வில்லி' என்றும், சுயே என்ற பாத்திரத்தைப் 'பலவீனமான பெண்' என்றும் இரண்டே சொற்களில் முடித்திருந்தேன். போரில் எல்லாவற்றையும் இழந்த பெண்களைச் சந்தித்து எழுதத் தொடங்கிய பின்னர் அதே படத்தை மீண்டும் பார்த்தேன். என் குறிப்பு இரண்டு பெண்களுக்கும் அநியாயம் செய்திருந்தது.

'ரான்' 1985இல் வெளியானது. 1910இல் பிறந்த குரோசாவாவுக்கு அப்போது 75 வயது. படப்பிடிப்பு நடந்த காலத்தில் அவருடைய மனைவி யோகோ யாகுச்சி காலமானார். அவர் குரோசாவாவின் 'மிக அழகானவள்' (1944) படத்தில் போர்க்காலத் தொழிற்சாலைப் பெண்களுக்குத் தலைமை தாங்கும் பெண்ணாக நடித்தவர். 'ரான்' என்ற ஜப்பானியச் சொல்லுக்குக் குழப்பம், கலகம் என்று பொருள் கொள்ளலாம்.

கதையின் எலும்புக்கூடு ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்'. லியரின் மூன்று மகள்கள் இங்கே தாரோ, ஜிரோ, சபுரோ என்ற மூன்று மகன்களாகிறார்கள். எழுபது வயதான பிரபு ஹிதேதோரா தன் அதிகாரத்தை மூத்தவனிடம் ஒப்படைக்கிறார். அதன் பின் குடும்பமே சிதைகிறது. ஷேக்ஸ்பியர் லியரின் கடந்தகாலத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. குரோசாவா ஹிதேதோராவுக்கு ஒரு கடந்தகாலத்தைக் கொடுக்கிறார். அயல் கோட்டைகளை எரித்து, அங்கிருந்த குடும்பங்களை அழித்துத்தான் அந்த மனிதர் பெரிய பிரபு ஆனார். அந்தக் கடந்தகாலத்தின் சாட்சிகளாக அவருடைய வீட்டிலேயே இரண்டு மருமக்கள் இருக்கிறார்கள்.

மூத்த மருமகள் கயேதே. அவளைத் தாரோவுக்கு மணம்முடித்துக் கொடுத்த நம்பிக்கையில் அவளுடைய குடும்பம் காவலைத் தளர்த்தியது. அந்த வேளையில் ஹிதேதோரா அவளுடைய தந்தையையும் சகோதரர்களையும் கொன்றார். அவள் இப்போது மருமகளாக வாழும் கோட்டை ஒருகாலத்தில் அவள் பிறந்து வளர்ந்த வீடு. தாய் தன்னை மாய்த்துக்கொண்டதும் அங்கேதான்.

இரண்டாவது மருமகள் சுயே, ஜிரோவின் மனைவி. அவளுடைய பெற்றோரின் கோட்டையும் ஹிதேதோராவால் எரிக்கப்பட்டது. அவளுடைய தம்பி சுருமாருவை உயிரோடு விட்டதற்கு விலையாக அவனுடைய கண்களைப் பறித்தார்கள்.

காயம் ஒன்று, அதைச் சுமக்கும் விதம் இரண்டு. கயேதே காத்திருந்து பழிவாங்குகிறாள். முதலில் கணவனைத் தூண்டி, மாமனாரை இரத்தத்தால் ஒப்பமிட வைக்கிறாள். கணவன் இறந்ததும் அவனுடைய மரணத்துக்குக் காரணமான ஜிரோவின் கழுத்தில் கத்தியை வைக்கிறாள். அதே அறையில் அவனைத் தன் வசப்படுத்துகிறாள். சுயேயின் தலையைக் கேட்டு அழுதபடியே அருகிலிருந்த விட்டில் பூச்சியை நசுக்குகிறாள். மியேகோ ஹரடாவின் நடிப்பில் அசைவுகளும் முகமும் நோ நாடகத்தை நினைவூட்டுகின்றன. பட்டாடை தரையில் உரசும் ஓசைகூட அச்சம் தருகிறது. ஆடை வடிவமைப்புக்காக எமி வாடா ஒஸ்கார் விருது பெற்றார்.

சுயே சில நிமிடங்களே திரையில் தோன்றுகிறாள். அந்தி வெளிச்சத்தில் புத்தரை வணங்கி நிற்கும் அவளிடம் ஹிதேதோரா வருகிறார். தன்னை வெறுப்போடு பார்த்தால்கூடத் தாங்கிக்கொள்வேன், இந்தக் கனிவைத்தான் தாங்க முடியவில்லை என்ற பொருள்படப் பேசுகிறார். அவள் வெறுக்க மறுக்கிறாள். முதல் தடவை பார்த்தபோது இதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. படத்தில் அந்த மனிதரை உண்மையாகவே கூசவைப்பது அவளுடைய அந்தப் பார்வைதான். கயேதேயிடம் அவர் கோபப்படுகிறார். சுயேயின் முன்னால் அவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

இறுதியில் தளபதி குரோகானே கயேதேயை வெட்டுவதற்கு முன், குலம் அழிந்ததற்குப் பெண்புத்தியே காரணம் என்று பழிக்கிறான். அவள் அதை ஏற்பதில்லை. தன் குடும்பத்துக்காகப் பழிவாங்கவும், இந்தக் கோட்டை எரிவதைக் காணவுமே விரும்பினேன் என்கிறாள். தன் செயலுக்குத் தானே காரணம் சொல்லும் உரிமையைச் சாகும் கணத்திலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

இருந்தும் இயக்குநரிடம் எனக்கொரு மனக்குறை உண்டு. 'இரத்தச் சிம்மாசனம்' (1957) படத்தின் அசாஜியைப் போலவே கயேதேயின் ஆற்றலும் ஆண்களை இயக்குவதன் வழியாகவே வெளிப்படுகிறது. அவளைத் தண்டிப்பதும் ஓர் ஆணின் வாள்தான். அதைவிட உறுத்துவது வேறொன்று. ஒரே மனிதனால் அநாதையாக்கப்பட்ட இந்த இரண்டு பெண்களும் தமக்குள் பேசிக்கொள்ளும் காட்சி படத்தில் இல்லை. கயேதேயின் பழி ஹிதேதோராவின் குலத்தோடு நிற்காமல், தன்னைப் போன்றே பாதிக்கப்பட்ட சுயேயையும் பலிகொள்கிறது.

போருக்குப் பின்னர் எங்கள் ஊடகங்களும் பெண்களை இப்படித்தான் இரண்டாகப் பிரித்து எழுதுகின்றன: ஒருத்தி நெருப்பு, மற்றவள் பொறுமையின் வடிவம். நானும் அப்படித் தலைப்பிட்டிருக்கிறேன். நான் சந்தித்த பெண்களில் பலர் காலையில் ஒன்றாகவும் மாலையில் மற்றொன்றாகவும் இருந்தார்கள். அதைச் செய்தியில் எழுத எனக்கு இடம் கிடைக்கவில்லை, அல்லது நான் தேடவில்லை.

படத்தின் கடைசிக் காட்சியில், எரிந்த கோட்டையின் விளிம்பில் கண்ணிழந்த சுருமாரு தனியே நிற்கிறான். அவனுக்குத் துணையாக அக்கா கொடுத்துவிட்டுப் போன புத்தர் ஓவியச் சுருள் கைநழுவிக் கீழே விழுகிறது. அக்கா இறந்துவிட்டதை நாம் அறிவோம், அவன் அறியமாட்டான். கயேதேயின் வெறுப்பு, சுயேயின் மன்னிப்பு, இரண்டுமே அவனைக் காப்பாற்றவில்லை. அந்தத் தோல்விக்கான பழியைக் குரோசாவா பெண்கள் மீது போடவில்லை. கோட்டைகளை எரித்தவரின் கணக்கிலேயே எழுதுகிறார். 'வலிமையான பெண்' என்று ஒருத்தியைப் பாராட்டுவதற்கு முன், அந்த வலிமையை அவள்மீது சுமத்தியது யார் என்று கேட்க இந்தப் படம் எனக்குக் கற்றுத்தந்தது.