வெறுங்கை முழம் போட்ட கதை

"டேய், அவன் சும்மா பிளஃப் பண்றான்டா."

வேலையை விட்டுடுவேன் என்று மேனேஜரை மிரட்டுகிறவனைப் பற்றியும் இதைச் சொல்கிறோம். படிக்காத நாவலைப் படித்ததுபோல் அளந்துவிடுகிறவனைப் பற்றியும் இதையேதான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'சரி, கிளம்பு' என்று மேனேஜர் சொல்லிவிட்டால் முதலாமவனுக்கு அடுத்த மாதச் சம்பளம் போச்சு. இரண்டாமவன் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் அசடு வழிவான், அவ்வளவுதான். போக்கர் மேசையிலிருந்து கிளம்பியபோது பிளஃப் என்ற சொல் முதலாமவனைத்தான் குறித்தது. அதற்குள் ஒரு விலை இருந்தது. அந்த விலை வழியில் எங்கே கழன்று விழுந்தது என்பதுதான் என் கேள்வி.

1803இல் லூசியானாப் பகுதியை அமெரிக்கா பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகமும் அதோடு கைமாறியது. அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் 'போக்' என்றொரு சீட்டாட்டம் இருந்தது. போக்கர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கதை. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகுகள் ஓட ஆரம்பித்ததும் ஆட்டமும் அவற்றில் ஏறி வடக்கே போனது. பருத்தி விற்ற காசோடு வருகிறவர்கள், முன்பின் தெரியாத முகங்கள், நாட்கணக்கில் பயணம். சூதாடிக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா என்ன!

அந்தப் பழைய போக்கர் இன்று போனில் ஆடுவதுபோன்றது அல்ல. மொத்தமே 20 சீட்டுதான்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஐந்து, கட்டு காலி. மாற்றி எடுத்துக்கொள்ள மிச்சச் சீட்டு கிடையாது. கைக்கு வந்தது வந்ததுதான். அதன்பிறகு செய்வதற்கு ஒரே வேலைதான் பாக்கி: காசு கட்டுவது, அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவது. ஆட்டத்தின் மொழியே பணம்தான்.

இதில் ஒரு சின்ன விதி உண்டு. மற்ற எல்லோரும் ஒதுங்கிவிட்டால், கடைசியாக மிஞ்சியவர் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. மேசையில் இருக்கும் பணத்தை அப்படியே அள்ளிக்கொள்ளலாம். பிளஃப் பிறந்தது இந்த விதியின் வயிற்றில்தான். வெறுங்கை முழம் போடுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். இங்கே போடும், எதிரில் இருப்பவர்கள் கையைத் திறந்து காட்டச் சொல்லாதவரை. 1840களில் அச்சான அமெரிக்கச் சீட்டாட்ட விதி நூல்களில் இந்த ஆட்டத்தின் பெயரே 'போக்கர் அல்லது பிளஃப்' என்று வருகிறது. ஆட்டமும் உத்தியும் அப்போது ஒரே பெயரில் இருந்தன. சொல்லின் வேர் டச்சு மொழியில் என்கிறார்கள். அங்கே அதற்குப் பொருள் பெருமையடிப்பது.

ஆனால் மேசையில் பிளஃப் பண்ணுகிறவன் பெருமையும் அடிப்பதில்லை, பொய்யும் சொல்வதில்லை. 'என்கிட்ட நாலு ராஜா இருக்கு' என்று அவன் வாயைத் திறப்பதே இல்லை. நூறு டாலரை நடுவில் தள்ளுகிறான், அவ்வளவுதான். அந்த நூறு நிஜமான நூறு. அதை எதிராளி எப்படிப் படிக்கிறான் என்பது எதிராளியின் பாடு. சந்தேகப்படுகிறவனும் சும்மா சந்தேகப்பட முடியாது. 'கால்' என்று சொன்னால் அவனும் நூறு வைத்தாக வேண்டும். பார்க்க ஆசையா, காசைப் போடு. ஆங்கிலத்தில் பிளஃபை 'கால்' செய்வது என்ற வழக்கு இங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கு சமூக ஊடகங்களில் யாரும் யாரையும் கால் பண்ணலாம். கட்டணம் இல்லை.

இதே மேசையிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு சொல்லும் தெருவுக்கு வந்தது: 'ஃபோர் ஃப்ளஷர்'. ஐந்து சீட்டும் ஒரே இனமாக இருந்தால் ஃப்ளஷ். நாலு ஆட்டின், ஒரு கிளாவர் என்றால் அது ஒன்றுமே இல்லை. அந்த நாலை வைத்துக்கொண்டு ஐந்து இருப்பதுபோல் கட்டுகிறவன்தான் ஃபோர் ஃப்ளஷர். பிறகு அது கடன் வாங்கிப் பகட்டுகிறவனுக்கும், வாய்ச்சொல் வீரனுக்கும் வசைச்சொல் ஆனது. எனக்கு இது பிளஃபைவிடப் பிடித்த சொல். எல்லாம் இருந்து ஒன்று மட்டும் குறைகிறவனின் வலி அதில் இருக்கிறது. ஆனால் புரிய வேண்டுமென்றால் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும், அதனால் அது செத்துப்போனது. பிளஃபுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆட்டமே தெரியாதவர்கள் வாயிலும் அது உட்கார்ந்துகொண்டது.

ஆட்டம் அட்லாண்டிக்கைக் கடந்த கதைக்கு வருகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தளபதியாக இருந்து கையில் குண்டடி பட்டவர் ராபர்ட் ஷென்க். 1871இல் அவரை பிரிட்டனுக்குத் தூதராக அனுப்பினார்கள். மனிதர் போக்கர் பைத்தியம். ஒரு சீமாட்டியின் மாளிகை விருந்தில் எல்லோரும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கச் சொல்ல, அவர் விதிகளை எழுதிக் கொடுத்தார். சீமாட்டி அதைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். லண்டன் மேல்தட்டு மனிதர்களிடம் போக்கர் பரவியதில் தூதருக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே சமயத்தில் அவர் இன்னொரு ஆட்டத்திலும் உட்கார்ந்திருந்தார். யூட்டா பகுதியில் எம்மா என்று ஒரு வெள்ளிச் சுரங்கம். அதை 10 லட்சம் பவுண்டு மூலதனத்தில் ஒரு கம்பெனியாக்கி லண்டனில் பங்கு விற்றார்கள். விளம்பர அறிக்கையின் இயக்குநர் பட்டியலில் அமெரிக்கத் தூதரின் பெயர்! ஒரு நாட்டின் தூதரே இருக்கிறார் என்றால் பிறகென்ன சந்தேகம் என்று மக்கள் வாங்கினார்கள். தூதருக்குப் பங்குகள் வந்ததே சுரங்கத்தை விற்றவர் கொடுத்த கடனில்தான். சீக்கிரமே வெள்ளி தீர்ந்தது, பங்கு விலை சரிந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் விசாரணை வைத்தது. 1876இல் ஷென்க் பதவி விலகினார்.

விலை கழன்று விழுந்த இடம் எனக்கு இங்கே தெரிகிறது. சுரங்க விளம்பரத்தில் நடுவில் தள்ளப்பட்டது அடுத்தவர் காசு. சீமாட்டியின் வீட்டு மேசையில் ஷென்க் பிளஃப் பண்ணியிருந்தால் தோற்பது அவர் பையாக இருந்திருக்கும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனபோது, சொல் அகலமானது, உள்ளே இருந்தது மெலிந்தது.

மெலிந்ததைத் திரும்ப எடை போட்டுப் பார்த்தவர் ஒரு கணித மேதை. ஜான் வான் நாய்மன் 1928இல் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1944இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய பெரிய நூலில் போக்கருக்கும் பிளஃபுக்கும் தனிப் பகுதியே உண்டு. பிளஃப் என்பது குணக்கேடு அல்ல, கணக்கு என்று அவர் காட்டினார். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது, நான் இன்னும் 100 கட்டுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 100 போட்டுப் பார்த்தால், நான் பிளஃபாக இருந்தால் உங்களுக்கு 200 லாபம், நிஜமாக இருந்தால் 100 நஷ்டம். நான் மூன்று தடவையில் ஒரு தடவை பிளஃப் செய்தால், நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான். பிளஃபே செய்யாத யோக்கியன் இங்கே சம்பாதிக்க முடியாது. அவன் காசு கட்டினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். மாட்டிக்கொண்ட பிளஃப்கூட வீண் இல்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த முறை நல்ல கைக்குக் காசு கொடுக்க ஆள் வருவான். இன்னொன்று: பிளஃப் செய்வதற்கு ஏற்றது படுமோசமான கை. சுமாரான கையை வைத்துக்கொண்டு பிளஃப் செய்யக்கூடாது.

இந்தக் கணக்கு வந்த காலத்தில்தான் அணுகுண்டும் வந்தது. தலைவர்கள் போக்கர் மொழியிலேயே பேச ஆரம்பித்தார்கள். 2012இல் ஈரான் விஷயத்தில் தான் பிளஃப் செய்வதில்லை என்றார் ஒபாமா. 2022 செப்டம்பர் 21 அன்று, எல்லா ஆயுதங்களையும் பயன்படுத்துவோம் என்று மிரட்டிவிட்டு, இது பிளஃப் அல்ல என்றார் புதின். ரஷ்ய மொழியிலும் அதே சொல்தான், 'பிளெஃப்'. மிசிசிப்பிப் படகில் ஏறிய சொல் மாஸ்கோவில் இறங்கிவிட்டது. ஆனால் மேசையில் இப்படி வாயால் சொல்வதற்கு மதிப்பே கிடையாது. எவ்வளவு வைக்கிறாய் என்றுதான் பார்ப்பார்கள். இங்கே வைக்கப்படுவது ஆட்டத்தில் உட்காரவே உட்காராதவர்களின் உயிர்.

நமக்கு இந்தச் சொல் ஆட்டத்தோடு வரவில்லை, ஆங்கிலத்தோடு வந்தது. நம் திண்ணைகளில் ஓடியது ரம்மி. அதில் பிளஃபுக்குப் பெரிய வேலை இல்லை. மங்காத்தாவில் உள்ளே வெளியே என்று விதி தீர்மானிக்கிறது, யாரை யார் ஏமாற்றுவது? அதனால் பிளஃப் நம்மிடம் புளுகின் மாடர்ன் உறவுக்காரனாக வந்து சேர்ந்தது. ஒலி ஒற்றுமை வெறும் தற்செயல்தான், ஆனால் அதுவும் உதவியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். உதார், சீன், பில்டப் எல்லாம் ஏற்கெனவே இருந்த வரிசையில் அதுவும் நின்றது.

விதிவிலக்கு மூணு சீட்டு. பிரிட்டிஷ்காரர்களின் 'பிராக்' ஆட்டத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. பிராக் என்றாலும் பெருமையடிப்பதுதான். கல்யாண வீட்டில் மொட்டைமாடியில் ஆடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அதில் ஒரு வித்தை இருக்கிறது: பிளைண்ட். சீட்டைத் தொடாமலே காசு கட்டலாம். சீட்டைப் பார்த்தவர் அதைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். சுற்று ஏற ஏற, பார்த்தவர் வியர்த்துப்போய் பிளைண்ட் ஆடுகிற சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இருக்காது. கவிழ்ந்து கிடக்கும் மூன்று சீட்டும் என்னவென்று சித்தப்பாவுக்கே தெரியாது. வெற்றிலையை மென்றபடி இன்னொரு பத்து ரூபாயைத் தூக்கிப் போடுவார்.