கடல்நீரும் பிளாஸ்டிக் சவ்வும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்வோர் அலையோசை கேட்டு வளர்ந்தவர்கள். அத்தகைய கடற்கரை நகரில், 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். அந்நாளில் நகருக்குக் கைகொடுத்தவற்றுள் ஒன்று, எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010இல் திறக்கப்பெற்ற மீஞ்சூர் நிலையம். கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருமாறு அமைக்கப்பட்டது அது. அதன் உயிர்நிலை, உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடுகின்ற மெல்லிய பிளாஸ்டிக் சவ்வேயாகும்.

இத்தகைய சவ்வின் வரலாறு படிப்பினை நிறைந்தது. 1950களின் இறுதியில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், சிட்னி லோப் என்பவரும் இந்தியரான சௌரிராஜனும் செல்லுலோஸ் அசிடேட்டினால் பயன்மிக்க சவ்வொன்றை உருவாக்கினர். ஆனால் ஒரு குறை. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 8. காரத்தில் செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் சிதையும். ஆகவே, நீரில் அமிலம் சேர்த்தே சவ்வுக்குள் செலுத்த நேர்ந்தது.

1970களில் ஜான் கடாட் என்பவர், நைலானின் இனமாகிய பாலிஅமைடினால் மெல்லிய படலம் அமைத்தார். அது காரத்தை நன்கு தாங்கிற்று, குளோரினுக்கோ ஆற்றவில்லை. ஆதலால், கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினை, நீர் சவ்வை அடையுமுன்பே அகற்றிவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் தாங்கும் பொருள் என ஒன்றில்லை. எது எதைத் தாங்கும், எதற்குத் தோற்கும் எனப் பொறுமையுடன் ஆராய்ந்தோரின் உழைப்பே குழாயில் நன்னீராய் வருகிறது. அமிலம், காரம் என்று பாடம் படிக்கையில் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.